கிளியனூர் ரூட்டில் இருபத்து மூன்று பேர்

சவுரியக்கா போனை எடுக்கக் கூடாது. மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிகளுக்கு நடுவே குனிந்தபடியே இருக்கட்டும். போன் வீட்டில் எங்காவது சார்ஜ் இல்லாமல் கிடக்கட்டும். இன்றைக்கு ஒரு நாள் எடுக்காமல் இருந்தால் போதும்.

எண்ணை அழுத்திவிட்டுக் கலையரசி இப்படித்தான் வேண்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய வேலையே போன் செய்வதுதான். ஆட்குறைப்பில் வேலை போனவர்களைக் கூப்பிட்டு, பயிற்சிக்கு வரவைத்து, வேறு கம்பெனியில் சேர்த்துவிடும் மையம் அது. விழுப்புரத்தில், ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது. ஒரு நாளைக்கு நாற்பது அழைப்பு. எடுங்கள், எடுங்கள் என்று காத்திருந்து பழகிய காது இன்றைக்கு எடுக்காதே என்று காத்திருந்தது.

மணி முழுக்கப் போய் நின்றது. 'அழைத்தோம், எடுக்கவில்லை' என்று கணினியில் பதிந்தாள். நெஞ்சு லேசானது. அந்த நிம்மதியைக் கண்டு அவளுக்கே வெட்கம் வருவதற்குள் போன் அடித்தது.

"இன்னா கலை, கூப்ட்டியா? கையெல்லாம் மண்ணு. தொடச்சிக்கினு எடுக்கறதுக்குள்ள கட்டாயிடிச்சி."

"ஆமாங்க்கா. சும்மாதான்."

"சும்மா கூப்புடற ஆளா நீ? எட்டு வருசம் ஷூ கம்பெனில எங்க லைனுக்கு சூப்பர்வைசரா இருந்த. சும்மா ஒரு வார்த்த பேசியிருப்பியா?"

கலையரசிக்குச் சிரிப்பு வந்தது. "ஞாயித்துக்கெழம வர்றேங்க்கா. நேர்ல பேசணும்."

"வா வா. பூசை முடிஞ்சி பத்து மணிக்கெல்லாம் வூட்டுக்கு வந்துடுவேன். நம்ம பொண்ணுங்களயும் வரச் சொல்லட்டா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "சொல்லுங்க்கா" என்று வந்தது.

பக்கத்து மேசையிலிருந்து பானுப்ரியா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மையத்தில் விவரங்களைக் கணினியில் ஏற்றுகிற பெண். "அக்கா, இந்தக் கிளியனூர் ஆளுங்களுக்கு என்ன காரணம் போடறது? நாலே நாலுதான் இருக்கு. குடும்பச் சூழல், உடல்நிலை, தூரம், ஆர்வமின்மை. இருபத்து மூணு பேருக்கும் ஒரே நாள்ல உடம்பு சரியில்லன்னு போட்டா ஊருக்குள்ள டாக்டருங்க வந்துடுவாங்க."

"எதையும் போடாத. அப்படியே வுடு."

"வுட்டா சேவ் ஆவாதுக்கா. சார்கிட்ட சொல்லி அஞ்சாவதா ஒண்ணு சேக்கச் சொல்லவா? 'அக்கா வரல'ன்னு?"

போன திங்கட்கிழமை நடந்தது அதுதான். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே நெடுஞ்சாலை ஓரத்தில் புதிதாக வந்திருக்கும் பை கம்பெனி, கிளியனூர்ப் பக்கத்துப் பெண்களைத் தையல் பிரிவுக்கு எடுக்க ஒப்புக்கொண்டிருந்தது. பழைய ஷூ கம்பெனியில் ஒரே பஸ்ஸில் போய்வந்த இருபத்து நான்கு பேரும் தேர்வுக்கு வந்து தைத்துக் காட்டினார்கள். இருபத்து மூன்று பேருக்குக் கடிதம் வந்தது. சவுரியம்மாளுக்கு வரவில்லை. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் கிளியனூர் நிறுத்தத்தில் வந்து நின்றபோது, இருபத்து மூன்று பேரும் சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தார்கள். டிரைவர் கதவைத் திறந்தார். யாரும் ஏறவில்லை. பத்து நிமிஷம் பார்த்தார், இரண்டு தடவை ஹாரன் அடித்தார், காலி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

கம்பெனிக்காரர்களுக்கு அது புரியவில்லை. மையத்தின் பொறுப்பாளர் தென்னரசுவுக்கும் புரியவில்லை. கலையரசிக்குப் புரிந்தது. அதுதான் அவளை வதைத்தது. பட்டியலைத் தட்டச்சு செய்து அனுப்பியவள் அவள். மதிப்பெண் வரிசைப்படி, ஒவ்வொருத்திக்கும் தனித்தனிக் கடிதம் போகும்படி. கிளியனூர் ரூட்டில் யாரும் தனித்தனியாக வேலைக்குப் போவதில்லை என்பது ஊருக்கு வெளியே தெரிந்த ஒரே ஆள் அவள்தான், அவளே மறந்துவிட்டாள். மறந்தாளா, நினைத்துப் பார்க்க விரும்பவில்லையா என்பது வேறு கேள்வி.

அந்த வீடுகளில் கம்பெனி என்ன கம்பெனி, சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் இரண்டாவது. "சவுரியம்மா போறாளா? அப்ப போ." அவ்வளவுதான் அனுமதி. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் ஷூ கம்பெனி பஸ் பாதி வழியில் நின்றுபோனது. யாருடைய போனிலும் டவர் இல்லை. சவுரியம்மாள் எல்லாப் பெண்களையும் வரிசையாக நடத்திக் கூட்டிவந்து, ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டி, "இந்தா உன் பொண்ணு" என்று ஒப்படைத்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போனாள். அவளுடைய காலனியில் மட்டுமல்ல, ஊர்த்தெருவிலும். அதற்கு முன்னால் அவள் போய் நின்றிராத வாசல்கள் அவை. மறுநாளிலிருந்து இரண்டு பக்கத்து மாமியார்களும் மாமனார்களும் பஸ்ஸில் வேறு யார் இருக்கிறார்கள் என்று விசாரிப்பதை விட்டார்கள்.

"மேடம், ஒரு நிமிஷம்," என்று தென்னரசு கூப்பிட்டான். இருபத்தொன்பது வயது. சமூகப் பணி படித்தவன். கோபம் வந்தால் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்வான். இப்போது இரண்டு கையும் முழங்கைக்கு மேல் இருந்தது.

"இன்னொரு சான்ஸ் குடுத்திருக்காங்க மேடம். வர்ற திங்கக்கெழம. அன்னைக்கும் பஸ் காலியா போச்சுன்னா ரூட்டையே மாத்திடுவாங்களாம். முகையூர் பக்கம் ஆள் ரெடியா இருக்குன்னு சொல்றாங்க."

"சவுரியம்மாள எடுத்துக்கிட்டா எல்லாரும் ஏறிடுவாங்க சார். டெஸ்ட்ல அவங்கதான் பர்ஸ்ட்டு."

"தெரியும். ரெண்டு தடவ பேசிட்டேன். நாப்பதுக்கு மேல எடுக்கறதில்லன்னு அவங்க பாலிசி. அவங்களுக்கு நாப்பத்தாறு. மூணாவது தடவ பேசினா இருபத்து மூணும் போயிடும்." அவன் குரலைத் தாழ்த்தினான். "அடுத்த பேட்ச்ல எடுத்துப்பாங்கன்னு சொல்லிடுங்க மேடம். நாலு நாள் போய்வந்துட்டா பழகிடும். அப்புறம் யாரும் கேக்க மாட்டாங்க."

"எடுத்துப்பாங்களா சார்?"

"மாட்டாங்க." அவன் அதை மறைக்கவில்லை. "நான் பொய் சொல்லச் சொல்றேன்னு எனக்குத் தெரியுது. ஆனா இருபத்து மூணு குடும்பம். ஒரு வருஷமா வேல இல்லாம இருக்காங்க. நம்ம நெலமயும் அதான். இந்த எண்ணிக்கை வரலன்னா மார்ச்சோட இந்த மையமே இருக்காது. அப்ப நமக்கு யார் போன் பண்ணுவா?"

பானுப்ரியா அங்கிருந்தே, "எனக்கு ஆர்வமின்மைன்னு போட்டுடுங்க சார்," என்றாள்.

சிரித்தார்கள். கலையரசியும் சிரித்தாள். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவள் எப்போதும் அப்படித்தான். அவளுடைய மௌனத்தை எதிரில் இருப்பவர்கள் தங்களுக்கு வசதியாக எடுத்துக்கொள்வார்கள்; அவளும் விட்டுவிடுவாள்.

சனிக்கிழமை சாயங்காலம் திண்டிவனத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவளால் உட்கார முடியவில்லை. இரண்டு முறை இடம் மாறினாள். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பஸ் ஊர்ந்தபோது எழுந்து நின்றே விட்டாள். "எறங்கணுமா மேடம்?" என்று கண்டக்டர் கேட்டார். இல்லை என்று மறுபடி உட்கார்ந்தாள்.

பஸ்ஸில்தான் அன்றைக்கும் சொன்னாள்.

ஷூ கம்பெனியில் போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஹெச்.ஆர். அதிகாரி சூப்பர்வைசர்களைக் கூப்பிட்டார். இரண்டு லைன்களை நிறுத்துகிறோம் என்றார். "ஒரு மாசம்தான், ஆர்டர் வந்ததும் கூப்பிடுவோம்னு சொல்லிடுங்க. கேட்ல வச்சு சொல்ல வேணாம். பஸ் கெளம்பினதுக்கு அப்புறம் அவங்கவங்க பஸ்ல சொல்லுங்க." கேட்டில் சொன்னால் கூடி நிற்பார்கள். ஓடுகிற பஸ்ஸில் சொன்னால் அவரவர் நிறுத்தத்தில் இறங்கிப் போய்விடுவார்கள். கலையரசி மட்டும், "ஒரு மாசத்துல கூப்பிடுவீங்களா சார்?" என்று கேட்டாள். அவர் அடுத்த தாளைப் புரட்டினார். அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பஸ் கிளம்பியது. இரண்டு இருக்கைகளுக்கு நடுவே நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். ஒரு மாசம்தான். ஆர்டர் வந்ததும் கூப்பிடுவாங்க.

யாரும் அழவில்லை. ஊர்த்தெருக் கெங்கம்மாள், "நல்லதாப் போச்சி, எங்க வூட்ல மல்லாட்ட புடுங்கி முடிச்சிடுவேன்," என்றாள். "நான் வேளாங்கண்ணிக்குப் போவேன், யார் வர்றீங்க?" என்று வெண்ணிலா கத்தினாள். பஸ்ஸே சுற்றுலாவுக்குப் போவது மாதிரி ஆனது. திண்டிவனம் மேம்பாலத்தடியில் கலையரசி இறங்கினாள். ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார்கள். அவளும் ஆட்டினாள்.

அவர்கள் மனசு உடையக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று பல மாதம் நம்பினாள். இரண்டு மாதம் கழித்து அவளையும் அனுப்பிய பிறகுகூட, நானும் ஏமாந்தவள்தானே என்று சொல்லிக்கொண்டாள். மையத்தில் சேர்ந்த முதல் நாள் வெண்ணிலாவுக்குப் போன் செய்தபோதுதான் அது கலைந்தது. "கம்பெனில கூப்ட்டாங்களாக்கா?" என்பதுதான் வெண்ணிலா கேட்ட முதல் வார்த்தை. அதற்குள் நான்கு மாதம் ஆகியிருந்தது. பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவுப் பிரிவுக்கு ஆள் எடுத்தபோது, கம்பெனி கூப்பிடும் என்று அவள் போகவில்லையாம். போன மற்றவர்கள் இப்போது நிரந்தரமாகிவிட்டார்களாம். குறையாகச் சொல்லவில்லை. தகவல் மாதிரிச் சொன்னாள்.

அன்றிரவு கலையரசி தன்னைத் தானே விசாரித்தாள். யாருக்காகச் சொன்னாய்? பதில் கிடைத்தபோது அதை யாரிடமும் சொல்லக்கூட முடியாத அளவுக்குச் சின்னதாக இருந்தது. மேம்பாலம் வரைக்கும் முப்பது நிமிஷம். அந்த முப்பது நிமிஷம் பஸ் அமைதியாக இருக்க வேண்டும். அவ்வளவுக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரி சாலையில் கிளியனூரில் இறங்கியபோது மணி பத்தரை. சவுரியம்மாள் பூசைக்குக் கட்டியிருந்த புடவையோடேயே அடுப்படியில் நின்றாள். தாட்டியான உடம்பு. எதைச் செய்தாலும் பேசிக்கொண்டே செய்வாள். கணவன் இறந்து ஒன்பது வருஷம். மகள் அன்புச்செல்வி சேலத்தில் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். சுவரில் மாதா படத்துக்குக் கீழே அவளுடைய போட்டோ, வெள்ளைக் கோட்டில்.

"உக்காரு. கோழி அடிச்சிருக்கேன். சாப்டாம பேசினா உனக்கு வாய் வராது, எனக்குத் தெரியும்."

"அக்கா, உங்களுக்கு லெட்டர் வராது," என்றாள் கலையரசி. உட்காராமலேயே சொன்னாள். உட்கார்ந்தால் வேறு ஏதாவது பேசிவிடுவோம் என்று பயமாக இருந்தது. "நாப்பதுக்கு மேல எடுக்க மாட்டாங்களாம். இப்பவும் இல்ல, எப்பவும் இல்ல. நாளைக்கு மறுபடியும் பஸ் வரும். நாளைக்கும் யாரும் ஏறலன்னா ரூட்ட மாத்திடுவாங்க."

சவுரியம்மாள் அடுப்பைச் சிறிதாக்கினாள். கரண்டியால் குழம்பைத் தொட்டு உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தாள்.

"நாப்பத்தாறு வயசுல கோழிக்கறி வெக்கலாம், களை எடுக்கலாம், பை மட்டும் தைக்கக் கூடாதா? சரி வுடு. அவனுங்க கம்பெனி." பிறகு திரும்பினாள். "இந்தப் பொண்ணுங்கள ஏத்தி வுடணுமே. அன்னைக்கி நான் கொல்லைக்குப் போயிட்டேன். இவளுங்க ஏறாம திரும்பி வந்தாளுங்கன்னு கேட்டதும் கெட்ட கோவம் எனக்கு. திட்டினேன். கேக்கறாளுங்களா? நீயில்லாம வூட்ல வுட மாட்டாங்கன்னு அழுவறாளுங்க. பெரிய பேஜாராப் போச்சி."

"நீங்க வூடு வூடாப் போயி சொன்னா?"

"இன்னான்னு சொல்றது? நான் வரல, நீ உன் மருமவள அனுப்புன்னா? நீ ஏன் போவல, அங்க இன்னா கோளாறுன்னு கேப்பாங்க. வயசாயிடிச்சின்னு சொன்னா நம்புவாங்களா? எவளோ ஒருத்திய கழிச்சிட்டாங்கன்னா அந்த எடமே சரியில்லன்னுதான் நெனைப்பாங்க." கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் யோசிச்சி வெச்சிருக்கேன். எனக்கு வேற எடத்துல வேல கெடச்சிடிச்சின்னு சொல்லிடு."

"எங்க?"

"குயிலாப்பாளையத்துல. நம்ம பக்கத்து ஆளுங்க நெறைய பேர் ஆரோவில் வேலைக்குப் போறாங்கல்ல. ஒரு வெள்ளக்காரம்மா தையக் கட வெச்சிருக்கு, என்னய எடுத்துக்கிச்சின்னு சொல்லு. மத்தியானம் சோறு போடுவாங்கன்னும் சேத்துக்க. பொய்தான, கொஞ்சம் நல்லா இருக்கட்டுமே."

அவளே சிரித்தாள். கலையரசிக்குச் சிரிப்பு வரவில்லை.

"அத நீங்களே சொல்லலாமேக்கா."

"நான் சொன்னா கெங்கம்மா என் மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சிடுவா. நீ ஆபீஸ்காரி. கழுத்துல ஐ.டி. அட்ட தொங்குது. நீ சொன்னா எடுபடும்." பிறகு, கோபமே இல்லாமல், "அன்னைக்கி பஸ்ல எடுபட்டிச்சே," என்றாள்.

கலையரசி சட்டென்று அவளைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம இன்னா? எட்டு வருசமா உன்னப் பாக்கறேன். அன்னைக்கி ரெண்டு கையாலயும் கம்பியப் புடிச்சிக்கினு இருந்த. பஸ் நேரா ரோட்லதான் போய்க்கினு இருந்திச்சி." சவுரியம்மாள் அவள் பக்கத்தில் வந்து முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "நான் வாயத் தொறக்கல. தொறந்திருந்தா பொண்ணுங்க அழுதுக்கினே வூட்டுக்குப் போயிருப்பாளுங்க. ஒரு மாசம் சந்தோசமா இருந்தாளுங்க. இருந்துட்டுப் போவட்டுமே. நீ ஒண்ணும் தப்புப் பண்ணல."

இந்த ஒரு வருஷத்தில் யாராவது ஒருவர் இதைச் சொல்ல மாட்டார்களா என்று கலையரசி ஏங்கியிருக்கிறாள். இப்போது கேட்கும்போது அது உடம்பில் ஒட்டவில்லை. ஒரு மாசம் சந்தோஷமாக இருந்தார்கள். வெண்ணிலா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்த ஒரே பொய்யால் நடந்தவை. சவுரியக்கா முதல் பாதியைப் பார்க்கிறாள். போன் செய்து செய்து இரண்டாம் பாதியைக் கேட்டவள் நான்.

"உங்களுக்கு என்னக்கா வழி? அன்பு படிக்குதே."

"எனக்குக் கொல்ல வேல இருக்குது. கை இருக்குது, காலு இருக்குது. ரெண்டு நாள் எங்க நாத்தனா ஊருக்குப் போயிடறேன், காலைல பஸ் வரும்போது கண்ணுல படாம. அப்புறம் சமாளிச்சிக்கலாம்." தட்டை எடுத்து வைத்தாள். "பெரியவ கேக்கறேன் கலை. சொல்லிடு."

கலையரசி பதில் சொல்லவில்லை. சவுரியம்மாள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு சோறு போட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு இருவரும் மெயின் ரோட்டு நிழற்குடைக்கு நடந்தார்கள். காலனிக்காரர்களும் ஊர்த்தெருக்காரர்களும் பொதுவாகக் கூடுவதற்கு அந்த இடம்தான் தோது. கம்பெனி பஸ்ஸுக்கு நின்று நின்று இரண்டு பக்கமும் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டிருந்தார்கள். கலையரசி வேகமாக நடந்தாள், பிறகு நின்றாள், மறுபடி வேகமாக நடந்தாள். பை வைக்காத சுடிதாரில் போனை எங்கே வைப்பதென்று தெரியாமல் கைக்குக் கை மாற்றினாள். தென்னரசு இரண்டு தடவை அழைத்திருந்தான்.

ஏன் இவ்வளவு தயக்கம்? அதிகாரி பொய் சொல்லச் சொன்னபோது அவர்மேல் பழியைப் போட முடிந்தது. தென்னரசுவின் மேலும் போடலாம். இது யாருக்கு நஷ்டமோ அவளே கேட்டுக்கொள்ளும் பொய். இருபத்து மூன்று பேருக்கும் வேலை. மையத்துக்கு எண்ணிக்கை. எனக்கு மார்ச்சுக்குப் பிறகும் மேசை. இதில் யார் கெட்டுப்போகிறார்கள்? யாருமே இல்லை. அப்படியும் மனசு ஒப்பவில்லை. நல்லவளாக இருக்க ஆசைப்படுகிறேனா, இவர்கள் வயிற்றைப் பணயம் வைத்து? அதுவாகவும் இருக்கலாம். அதைக்கூட அவளால் உறுதியாக மறுக்க முடியவில்லை.

நிழற்குடையில் பாதிப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், பாதிப் பேர் வெயிலில். கெங்கம்மாள் முறத்தோடு வந்து மல்லாட்டையை உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா சூப்பர்வைசரு. இளைச்சிட்டியே. விழுப்புரத்துல சோறு கெடைக்கறதில்லயா?"

"உக்காந்துக்கினே போன் பேசற வேல. அதுக்கு இளைக்காது, குண்டாவும்," என்றாள் இன்னொருத்தி.

வெண்ணிலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். இருபத்தாறு வயது. இடுப்பில் குழந்தை. "யக்கா, சவுரியக்காவுக்கு லெட்டரு கொண்டாந்தியா?"

கலையரசி வாயைத் திறப்பதற்குள் சவுரியம்மாள் ஓரத்திலிருந்து, "லெட்டரு இன்னா லெட்டரு, எனக்கு வேற எடத்துலயே வேல கெடச்சிடிச்சி. அதச் சொல்லத்தான் கலை வந்திருக்கா. சொல்லு கலை," என்றாள்.

"அடிப்பாவி! சொல்லவே இல்லயே!" கெங்கம்மாள் முறத்தைத் தூக்கிக் கீழே வைத்தாள். யாரோ கை தட்டினார்கள். "எங்க, எங்க?" என்று நாலைந்து குரல். இருபத்து மூன்று முகங்களும் அவள் பக்கம் திரும்பின. நம்புவதற்குத் தயாராக இருந்தன. எவ்வளவு சுலபமாக நம்புகிறார்கள் என்று பார்த்தபோது அவளுக்குப் பயமாக இருந்தது.

ஒரு டாரஸ் லாரி நிழற்குடையை அதிரவைத்துக்கொண்டு போனது. அது போகும் வரைக்கும் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அக்காவுக்கு எங்கயும் வேல கெடைக்கல," என்றாள் கலையரசி. "நாப்பதுக்கு மேல எடுக்க மாட்டாங்களாம் அந்தக் கம்பெனில. நீங்க ஏறணும்னு அக்கா அப்படிச் சொல்லுது. நாளைக்கு ஏழு மணிக்கு பஸ் வரும். அதான் கடைசி. அப்புறம் ரூட்ட மாத்திடுவாங்க. ஏறணுமா வேணாமான்னு நீங்கதான் பாக்கணும்."

கை தட்டியவள் கையை இறக்கினாள். சவுரியம்மாள் சாலையின் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "போச்சி," என்றாள், யாருக்கென்று இல்லாமல்.

கெங்கம்மாள்தான் முதலில் பேசினாள். "அப்ப நாங்க போவலன்னா சவுரியாவுக்கு இன்னா ஆவப்போவுது? ஒண்ணும் இல்ல. போனா?"

"ஒண்ணும் இல்லங்க," என்றாள் கலையரசி.

"நான் போவணும்க்கா," என்றாள் வெண்ணிலா திடீரென்று. குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள். "ஒரு வருசமா உக்காந்திருக்கேன். என்னால முடியல. ஆனா எங்க மாமியா வுடாது. சவுரியக்கா எப்ப வரும்னு கேக்கும்." அவள் நெருங்கி வந்து குரலைக் குறைத்தாள். "நீ ஒண்ணே ஒண்ணு சொல்லுக்கா. அடுத்த பேட்ச்ல அக்காவ எடுப்பாங்கன்னு. நீ சொன்னன்னு நான் வூட்ல சொல்லிக்கறேன். அது போதும்."

பின்னால் இரண்டு மூன்று பேர், "ஆமாங்க்கா, அது போதும்," என்றார்கள். அவர்களும் நெருங்கி வந்தார்கள். "நெசமோ பொய்யோ, நீ சொன்னதா இருந்தா வுட்டுடுவாங்க."

தென்னரசு கேட்ட அதே வார்த்தை. அவன் கேட்டபோது இவ்வளவு கனமாக இல்லை.

"நான் வேணா உங்க வூட்டுக்கு வர்றேன் வெண்ணிலா. இப்பவே வர்றேன். உங்க மாமியாகிட்ட உள்ளத உள்ளபடி சொல்றேன். ஒவ்வொருத்தர் வூட்டுக்கும் வர்றேன்."

"உள்ளத சொன்னா வுட மாட்டாங்கக்கா. அதான உன்கிட்ட கேக்கறேன்." வெண்ணிலாவின் கண் நிறைந்திருந்தது. "ஒரு வார்த்ததான. சொல்லேன்."

குழந்தை கையை நீட்டிக் கலையரசியின் கழுத்து அட்டையைப் பிடித்து இழுத்தது. அவள் அதை விடுவிக்கவில்லை.

"இல்லம்மா," என்றாள் மெதுவாக. "அத நான் சொல்ல மாட்டேன்."